கியூ வீதியும் மஞ்சள் கொடி ரோசாவும்

எங்கள் வீட்டில் சித்திரை வருடப்பிறப்பு அன்று சுவாமித் தட்டில் வைப்பது ஒரு சின்ன மஞ்சள் ரோசாப்பூ. கைவிசேடம் வாங்க வருகிற பிள்ளைகளில் ஒன்றாவது ஒவ்வொரு வருடமும் கேட்கும்: "மாமா, உது என்ன பூ? எந்தக் கடையிலை வாங்கினனீங்கள்?" கடையில் வாங்கவில்லை, மேல்மாடியில் பூத்தது என்று சொல்லுவேன். அதற்குமேல் கேட்க அவர்களுக்கு நேரமில்லை. கையில் காசு விழுந்ததும் ஓடிவிடுவார்கள். இந்த முறை மலர்க்குழுத் தம்பி வந்து, "அண்ணை, ஏதாவது சரித்திரக் கட்டுரை ஒண்டு தாங்கோ" என்றார். சோழர் சரித்திரம் எழுத எங்களுக்குள் படித்தவர்கள் இருக்கிறார்கள், நான் இந்தப் பூவின் சரித்திரத்தை எழுதித் தருகிறேன் என்றேன். சிரித்தார். வாசித்துப்போட்டுச் சிரிக்கட்டும்.

பலெர்மோவில் இருக்கிற எல்லோரும் இந்தப் பூவைக் கண்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. பங்குனிக் கடைசியில் பழைய வில்லாக்களின் மதிலுக்கு மேலால், மஞ்சள் சேலை காயப்போட்டது மாதிரித் தொங்கும். ஒரு பூ சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் கொத்துக் கொத்தாக வரும். ஒரு கொப்பில் எண்ணிக்கொண்டு போனால் நூறைத் தாண்டும். இலை தெரியாமல் பூக்கும். முள் இல்லை என்றே சொல்லலாம். மூன்று நாலு கிழமை இப்படி நின்றுவிட்டு, பிறகு அடுத்த பங்குனி வரைக்கும் ஒரு மொட்டுக்கூடக் காட்டாது. எங்கள் வருடப்பிறப்புக்கு நாள் பார்த்துப் பூக்கிற மாதிரி ஒரு பூ இந்த ஊரில் இருக்கிறதே என்று நான் முதலில் ஆச்சரியப்பட்டதுண்டு.

இத்தாலிக்காரர் இதனைப் பாங்சியா ரோசா என்பார்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரரிடம் பாங்சியா என்று சொன்னால் அவர்கள் தூரிகை மாதிரிப் பூக்கிற வேறொரு மரத்தைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே குடும்பப் பெயரால் வந்தவை. அந்தப் பெயர்க் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கொடி ரோசா என்று நாங்கள் சொன்னாலும் இது மெய்யான கொடி இல்லைப் பாருங்கோ. முல்லை தன் தண்டாலேயே சுற்றி ஏறும். பாகல் சுருள் விட்டுப் பிடிக்கும். ரோசாவுக்கு அந்த இரண்டு வித்தையும் தெரியாது. முள்ளைக் கொளுவிக்கொண்டு பக்கத்து மரத்தில் சாய்ந்து போகிற சாதி. இந்த ரோசாவுக்கோ கொளுவ முள்ளும் இல்லை. ஆகவே தன்னுடைய பழைய கொப்புகளின் மேலேயே புதுக் கொப்புகளைச் சாய்த்துச் சாய்த்து உயருகிறது. பழையதை வெட்டினால் புதியதற்கு ஏணி இல்லை. இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

1990ஆம் ஆண்டு மார்த்தெல்லிச் சட்டம் வந்தபோது எங்களில் எத்தனை பேர் முதன்முதலாகச் சொஜோர்னோ எடுத்தோம் என்பது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். நானும் அப்போதுதான் எடுத்தேன். எடுத்தால் காணாது, அதைப் புதுப்பிக்க வேலை இருக்கவேணும். மொந்தெல்லோப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில் தோட்ட வேலை என்று ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் விட்டார். நான் அச்சுவேலியில் ஐயாவோடு புகையிலையும் வெங்காயமும் செய்தவன். "தோட்டம் தெரியுமா?" என்று சிஞ்ஞோரா கேட்க, தெரியும் என்று பலமாகத் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தோட்டம் என்றால் பயிர், அவைக்குத் தோட்டம் என்றால் பூ. அந்த வித்தியாசம் அன்றைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

1991 தை மாதம். பக்கத்து வீட்டுத் தோட்டக்காரக் கிழவர் தன் ரோசாச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டுவதை மதிலுக்கு மேலால் பார்த்தேன். ஓகோ, ரோசா என்றால் மாரியில் வெட்டவேணும் போல என்று விளங்கிக்கொண்டேன். வீட்டின் பின்பக்கத்துப் பந்தலில் நாற்பது வருடத்துக்கு மேலாகப் படர்ந்திருந்த அந்தக் கொடியை, இரண்டு நாள் ஏணி வைத்து ஏறி, கையளவு மொத்தமான கொப்பெல்லாம் வாளால் அரிந்து, மொட்டையடித்து விட்டேன். நாலு வண்டில் குப்பை. துப்புரவாக்கிவிட்டேன் என்ற பெருமை வேறு. சிஞ்ஞோரா அந்தக் கிழமை மகளோடு ரோமாபுரியில் இருந்தார்.

அந்த வருடம் அவர்களின் உயிர்த்த ஞாயிறு மார்ச் 31. ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் குடும்பம் முழுவதும் அந்தப் பந்தலுக்குக் கீழே மேசை போட்டுச் சாப்பிடுவது வழக்கமாம். சிஞ்ஞோராவின் மாமியார் யுத்தம் முடிந்த கையோடு நட்ட கொடி அது. 1991இல் பந்தலில் பச்சைத் துளிர் நிறைய இருந்தது, பூ ஒன்றுகூட இல்லை. மூத்த மகன் என்னை உடனே நிற்பாட்டச் சொன்னார். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாஷை அரைகுறை, ஆனால் கோபம் விளங்குவதற்குப் பாஷை தேவையில்லையே. சிஞ்ஞோரா வெளியில் வந்து என் முகத்துக்கு நேரே மூன்று விரலைக் காட்டி ஏதோ சொன்னார். மூன்று நாளில் வெளிக்கிடு என்கிறார் என்று எடுத்துக்கொண்டு அன்றிரவே பையைக் கட்டிவிட்டேன். வேலை போனால் சொஜோர்னோ போகும், அது போனால் ஊரில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். அடுத்தநாள் விடியப் பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரோசாலியாவிடம் நடந்தே போய்விட்டு வந்தேன்.

அங்கே சமையலுக்கு நின்ற எங்களூர் அக்கா ஒருவர்தான் பிறகு விளங்கப்படுத்தினார். "அட மொக்கா, மூண்டு நாளில்லை, மூண்டு வருசம். அது திரும்பவும் முழுக்கப் பூக்க மூண்டு வருசம் செல்லும், அதுமட்டும் இருந்து பாத்துப்போட்டுப் போ எண்டு சொன்னவ."

அன்றைக்குத்தான் இந்தச் செடி என்ன செடி, எங்கேயிருந்து வந்தது என்ற யோசனை எனக்கு வந்தது. சிஞ்ஞோராவிடமிருந்து கொஞ்சம் கேட்டேன். பிறகு மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில் புத்தகம் எடுத்துவந்து வாசித்துச் சொல்லச் சொல்லி மிச்சத்தை அறிந்தேன்.

இது சீனத்துப் பூ. சீனாவின் மேற்கிலும் நடுவிலும் உள்ள யுன்னான், சிச்சுவான், கன்சு, ஹூபே மலைப்பக்கங்களில் காட்டுச் செடியாக வளருகிறது. காட்டில் இருப்பது ஐந்து இதழ் ஒற்றைப் பூ. சீனர்கள் மு சியாங் என்கிறார்கள். மரவாசனை என்று பொருள். வெள்ளை அடுக்குப் பூ, மஞ்சள் அடுக்குப் பூ எல்லாம் அவர்களது தோட்டங்களில் நெடுங்காலமாக இருந்தவை. வெள்ளைக்கு நல்ல வாசம். மஞ்சளுக்கு வாசம் மிகக் குறைவு, ஆனால் பூப்பது அதிகம்.

1803ஆம் ஆண்டு லண்டன் கியூ அரச தோட்டத்திலிருந்து வில்லியம் கேர் என்ற தோட்டக்காரரைச் சீனாவின் கன்டன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஸ்கொட்லாந்தில் ஹாவிக் என்ற ஊர் மனிதர். அனுப்பியவர் சேர் ஜோசப் பாங்ஸ். கப்டன் குக்கோடு 1768இல் கப்பலேறி உலகம் சுற்றி வந்தவர், அரசரின் தோட்டத்துக்கு ஆலோசகர், பெரிய பணக்காரர். கேருக்குச் சம்பளம் வருடத்துக்கு 100 பவுண். அந்தக் காலத்தில் சீன அரசு வெளிநாட்டு வியாபாரிகளைக் கன்டனுக்கு அப்பால் விடுவதில்லை. ஆகவே ரோசா வளருகிற மலையைக் கேர் தன் கண்ணால் கண்டதில்லை. ஆற்றோரமாகப் பூச்செடி வளர்த்து விற்கிற ஃபா தீ என்ற இடம் இருந்தது. அங்கே காசு கொடுத்து வாங்கி, பெட்டியில் நட்டு, கொம்பனிக் கப்பல்களில் ஏற்றி அனுப்புவதுதான் அவருடைய உத்தியோகம்.

அந்தப் பிரயாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆபிரிக்காவைச் சுற்றி ஐந்தாறு மாதம். பூமத்தியரேகையை இரண்டு தரம் கடக்கவேணும். வெயிலும் குளிரும் மாறி மாறி வரும். செடிப் பெட்டிகள் கப்பலின் மேல்தட்டில். அடிக்கிற அலையில் உப்புத்தண்ணீர் தெறிக்கும். நல்ல தண்ணீர் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது செடிக்குத்தான். மக்காவோவில் இருந்த ஜோன் லிவிங்ஸ்டன் என்ற வைத்தியர் 1819இல் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்: இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச்சேருகிற ஒரு செடிக்கு ஆயிரம் செடி வழியில் செத்துப்போகிறது என்று. கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி அனுப்பலாம் என்று கண்டுபிடித்ததெல்லாம் 1830களில்தான். மகள் இதை வாசித்தபோது என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்டாள். அவள் வந்த வழியும் சுகமான வழியில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

அப்படியிருந்தும் கேர் 200க்கு மேற்பட்ட புதுச்செடிகளை அனுப்பியிருக்கிறார். புள்ளி விழுந்த செம்மஞ்சள் லில்லி, சிவப்புப் பழம் காய்க்கிற நந்தினா என்று இன்றைக்கு ஐரோப்பியத் தோட்டங்களில் சாதாரணமாய் நிற்கிற பலவும் அவர் அனுப்பியவை. 1807இல் போய்ச்சேர்ந்தது எங்கள் ரோசாவின் வெள்ளை அடுக்குச் சாதி. 1811இல் அதற்குச் சாத்திரப் பெயர் வைத்தார்கள். பாங்ஸ் துரையின் மனைவி டொரோத்தியா அம்மையாரின் நினைவாக, லேடி பாங்ஸ் ரோசா. அந்த அம்மா சீனப் பீங்கான் சேர்ப்பதில் பெரிய பிரியக்காரி. சீனாவுக்குப் போனவர் அல்ல. அவுஸ்திரேலிய மரத்துக்குப் பெயர் கணவருடையது, ரோசாவுக்குப் பெயர் மனைவியுடையது. பெட்டி கட்டி அனுப்பியவர் பெயர் இந்தப் பூவில் எங்கும் இல்லை. அவர் இறந்த பிறகு கேரியா என்று வேறொரு மஞ்சள் பூச்செடிக்கு அவர் பெயரை வைத்தார்கள், அது வேறு கதை.

இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று பாரம்மா என்று மகளிடம் கேட்டேன். அவள் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா, இவர் சிலோனிலை எல்லோ செத்திருக்கிறார்" என்றாள்.

உண்மைதான். கன்டனில் கேரின் சீவியம் சிறப்பாக இருக்கவில்லை. 100 பவுண் சம்பளக்காரனைப் பணக்கார வியாபாரிகள் மதிக்கவில்லை. கடைசியில் தீய பழக்கத்துக்கு ஆளாகி வேலையில் தளர்ந்துவிட்டார் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். சம்பளம் கூட்டிக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ தெரியாது. 1812இல் அவரை இலங்கைக்கு மாற்றினார்கள். பிரித்தானியர் கொழும்பில் அப்போதுதான் ஒரு தாவரத் தோட்டம் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பொறுப்பாளராகக் கேர். தோட்டம் இருந்த இடம் எது தெரியுமோ? எங்கள் கொம்பனித்தெரு. லண்டன் தோட்டத்தின் பெயரைப் பிடித்து அதையும் கியூ என்றே சொன்னார்கள். கொழும்பு இரண்டில் இன்றைக்கும் இருக்கிற கியூ வீதி அந்தப் பெயர்தான்.

இதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. 1986இல் வெளிநாடு வெளிக்கிடுவதற்கு முன் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக்கொண்டு இரண்டு மாதம் கொழும்பில் கிடந்தேன். எத்தனை தரம் அந்தக் கியூ வீதியால் நடந்திருப்பேன்! சிறிமா அம்மையார் காலத்தில் பாணுக்குக் கியூவில் நின்ற பிள்ளை நான். ஆகவே ஏதோ பழைய காலத்தில் இங்கேயும் கூப்பன் அரிசிக்கோ எதுக்கோ சனம் வரிசையில் நின்றிருக்கும், அதுதான் கியூ வீதி என்று வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். கூட நின்ற சிநேகிதனுக்கும் அப்படியே விளங்கப்படுத்தி, அவனும் நம்பினான். அவன் இப்போது கனடாவில். இந்த மலர் அவன் கைக்குப் போனால் திருத்திக்கொள்ளட்டும்.

கேர் கொழும்பில் இரண்டு வருடம்தான் இருந்தார். 1813இல் அந்தத் தோட்டம் களுத்துறைக்கு மாற்றப்பட்டது. பின்பு 1821இல் பேராதனைக்குப் போனது. பேராதனைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள் எங்களில் கனபேர் இருப்பீர்கள், அதன் வேர் கொம்பனித்தெருவில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதையெல்லாம் காணக் கேர் இருக்கவில்லை. 1814இல், கண்டி விழுவதற்கு ஒரு வருடம் முன், கொழும்பில் காலமானார்.

மஞ்சள் அடுக்குப் பூ, அதாவது எங்கள் சுவாமித் தட்டுப் பூ, ஐரோப்பாவுக்குப் போனது 1824இல். லண்டன் தோட்டக்கலைச் சங்கம் அனுப்பிய ஜோன் பார்க்ஸ் என்பவர் கொண்டுபோனார். ஒற்றை மஞ்சளைப் பேசும்போது சேர் தோமஸ் ஹான்பரியின் பெயரைச் சொல்லாமல் விடமுடியாது. சாங்காயில் வியாபாரம் செய்து உழைத்த காசில் 1867இல் எங்கள் இத்தாலியின் எல்லையோரம் வென்திமிலியாவுக்குப் பக்கத்தில் லா மோர்த்தொலா என்ற தோட்டத்தை வாங்கி, உலகத்துச் செடியெல்லாம் நட்டவர். பிரான்சில் இருக்கிற உறவினரைப் பார்க்க ரயிலில் போகிறவர்கள் வென்திமிலியாவைத் தெரியாமல் இருக்கமாட்டீர்கள். எங்களுக்கு அது பொலிஸ் சோதனைக்குப் பயந்த ஸ்ரேஷன். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் இந்தத் தோட்டம்.

இப்போது நான் சொல்ல விரும்பிய கதைக்கு வருகிறேன்.

கேர் கன்டனுக்குப் போவதற்கு முன்பே இந்தச் செடி ஒன்று பிரித்தானியாவுக்கு வந்துவிட்டது, ஆனால் ஒருவருக்கும் தெரியாது. 1796இல் றொபேட் ட்ரமண்ட் என்பவர் சீனப் பயணம் முடித்து வரும்போது ஒரு ரோசாச் செடியைக் கொண்டுவந்து ஸ்கொட்லாந்தில் மெகிஞ்ச் என்ற தங்கள் கோட்டை வீட்டுச் சுவரோரம் நட்டார். செடி பிழைத்தது. ஒவ்வொரு கோடையும் நீளமாகக் கொப்பு விட்டது. ஒவ்வொரு மாரியும் உறைபனி அந்தக் கொப்புகளைக் கருக்கித் தள்ளியது. திரும்பவும் அடியிலிருந்து தளிர்க்கும், திரும்பவும் கருகும். பூக்கவே இல்லை. பூக்காதபடியால் அது என்ன ரோசா என்று யாரும் சொல்லவும் முடியவில்லை. நட்டவர் போய், அவர் பிள்ளைகள் போய், பேரப்பிள்ளைகளும் போயிருப்பார்கள். செடி நின்றது. 1905இல் வூடல் என்ற ஒருவர் அதிலிருந்து தடி வெட்டிக்கொண்டுபோய்த் தெற்குப் பிரான்சில் நீஸ் நகரத்துத் தோட்டத்தில் நட்டார். 1909இல் பூத்தது. வெள்ளை ஒற்றைப் பூ, ஐந்து இதழ், யுன்னான் மலையில் இருக்கிற அதே காட்டுப்பூ. கணக்குப் போட்டுப் பாருங்கோ, 113 வருடம்.

காரணம் எளிதானது. இந்த ரோசா புதுக் கொப்பில் பூக்காது. இந்த வருடம் விட்ட கொப்பு ஒரு கோடை வெயிலில் முற்றவேணும். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அந்த முற்றிய கொப்பின் பக்கத்தில் சின்னச் சின்னக் கிளை விடும், பூ வருவது அந்தக் கிளையில். இடையில் கொப்புப் போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஸ்கொட்லாந்தில் பனி செய்த வேலையை மொந்தெல்லோவில் நான் வாளால் செய்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் வெட்டியது வேறு சாதி. அவை புதுக் கொப்பில் பூப்பவை, மாரியில் வெட்டத்தான் வேணும். இதை வெட்டுவதென்றால் பூ முடிந்த கையோடு, வைகாசி ஆனிக்குள், செத்த கொப்பை மட்டும் எடுக்கவேணும்.

வெயில்தான் வேணுமென்றால் யாழ்ப்பாணத்தில் நட்டால் என்ன என்று ஒரு மாமி கேட்டார். அங்கேயும் சரிவராது. வளரும், பச்சையாய்ப் படரும், ஆனால் பூ எடுக்க மிதமான ஒரு மாரிக்குளிர் வேணும். கடுங்குளிரும் ஆகாது, குளிரே இல்லாமலும் ஆகாது. சிசிலி, நீஸ், கலிபோர்னியா, அவுஸ்திரேலியாவின் தெற்குப் பக்கம் என்று இதற்கு இடம் அமைந்துவிட்டது.

ஸ்கொட்லாந்தோடு சேர்ந்த இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ரூம்ஸ்ரோன் என்று ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். கௌபோய்ப் படம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். 1885இல் சுரங்கக் கொம்பனியில் வேலை செய்த ஹென்றி கீ என்பவரின் மனைவி மேரி, ஸ்கொட்லாந்திலிருந்து புதிதாய் வந்த பெண். ஊர் ஞாபகத்தில் தவித்த அவருக்கு வீட்டார் ஒரு பெட்டி நிறையச் செடி அனுப்பினார்கள். அதில் இந்த வெள்ளை அடுக்கு ரோசாவும் இருந்தது. தாங்கள் தங்கியிருந்த விடுதியை நடத்திய அமேலியா ஆடம்சன் என்ற அம்மாவுக்கு அதில் ஒன்றைக் கொடுத்து, விடுதியின் பின்பக்கத்தில் நட்டார்கள். அந்தச் செடி இன்றைக்கும் நிற்கிறது. அடித்தண்டு கட்டிப்பிடிக்க முடியாத மரம். கம்பமும் குழாயும் கொடுத்துத் தாங்கிய பந்தலில் 5,000 சதுர அடிக்கு மேல் படர்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய ரோசா மரம் என்று சொல்கிறார்கள். வெள்ளி முடிந்து சுரங்கம் மூடி ஊர் சிறுத்துப்போன பிறகும், ஒவ்வொரு வருடமும் அது பூக்கிற நேரம் சனம் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறது. பூக்கிற நேரம் எது என்று கேட்டால், மார்ச் கடைசியும் ஏப்ரலும்.

வெப்பமான ஊர்களில் இந்தச் செடி செய்கிற இன்னொரு உபகாரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இதற்கும் வேறொரு சீன ரோசாவுக்கும் பிறந்தது ஃபோர்ச்சூனியானா என்ற சாதி. 1840களில் றொபேட் ஃபோர்ச்சூன் என்பவர் சாங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கண்டெடுத்தது. புளோரிடாவிலும் அவுஸ்திரேலியாவின் பேர்த் பக்கத்திலும் மணல் நிலத்தில் ரோசா வளர்க்கிறவர்கள் அதன் வேரில்தான் மற்ற ரோசாக்களை ஒட்டுகிறார்கள். மேலே யாரோ பெயர் பெற்ற பூ, கீழே இதன் வேர்.

மொந்தெல்லோ வீட்டுக்குத் திரும்புவோம். 1992 வசந்தத்தில் பந்தலின் ஒரு மூலையில் ஏழெட்டுக் கொத்து. அது பலெர்மோ நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்ற வருடம். அந்த வீட்டிலும் யன்னலில் வெள்ளைத் துணி தொங்கியது, பூவைப் பற்றிப் பின்னர் யாரும் பேசவில்லை. 1993இல் பாதிப் பந்தல். 1994 உயிர்த்த ஞாயிறுக்குப் பந்தல் தெரியவில்லை, மஞ்சள்தான் தெரிந்தது. மூத்த மகன் என்னைக் கூப்பிட்டு மேசையில் ஒரு கிளாஸ் வைன் வைத்தார். மன்னிப்பெல்லாம் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சிஞ்ஞோரா மூன்று விரலைக் காட்டிச் சிரித்தார். அந்த வீட்டில் 22 வருடம் வேலை செய்தேன். என் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் தங்கச்சிமாரின் கலியாணமும் அந்தத் தோட்டத்தால் வந்தவை.

சிஞ்ஞோரா போனபின் 2012இல் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர்களுக்குக் கார் விட இடம் வேண்டியிருந்தது. பந்தலோடு கொடியையும் தோண்டி எடுத்துச் சீமெந்து போட்டார்கள். அவர்கள் காணி, அவர்கள் விருப்பம். ஆனால் விற்பனைப் பேச்சு நடக்கும்போதே நான் ஆனி மாதம் பத்துத் தடி வெட்டி வைத்துவிட்டேன். நாலு வேர்விட்டது. இரண்டு எங்கள் மேல்மாடியில் பெரிய தொட்டியில் நிற்கிறது. ஒன்று பாகேரியாவில் ஒரு சிநேகிதர் வேலை செய்கிற எலுமிச்சைத் தோட்டத்து வேலியில். இன்னொன்றை மூத்த மகன் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். 2024 வரட்சியில் பலெர்மோவில் முறைவைத்துத் தண்ணீர் விட்டபோது, தொட்டியில் நின்றவற்றுக்குச் சோறு களைந்த தண்ணீர்தான். இலை கொட்டியது, செடி சாகவில்லை.

இந்த வருடம் சங்கத்தில் சிலர் கேட்டபடியால் எப்படி வைப்பது என்பதையும் எழுதுகிறேன். பூ முடிந்து ஆனி ஆடியில், பென்சில் மொத்தத்தில் அரை முற்றலான தடி, ஒரு சாண் நீளம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் பாதி மண் பாதி கலந்த சட்டியில் மூன்றில் இரண்டு பங்கு புதையுங்கோ. நிழலில் வையுங்கோ, ஈரம் காயவிடவேண்டாம், இழுத்து இழுத்துப் பார்க்கவேண்டாம். இரண்டு மாதத்தில் வேர்விடும். வேர்விட்டதைத் தெற்குப் பார்த்த சுவரோரம் நடவேணும். இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த ஒரு தங்கச்சி செடியாகவே கொண்டுபோகக் கேட்டா. 2021க்குப் பிறகு அங்கே செடி கொண்டுபோகச் சுகாதாரச் சான்றிதழ் வேணுமாம். அங்கேயே கடையில் வாங்கிக் காற்றுப்படாத சுவரில் நடச் சொல்லியிருக்கிறேன். நான் கொடுத்ததில் ஒன்று ரெஜ்ஜோ எமிலியாவில் ஒரு குடும்பத்திடம் இருக்கிறது. அங்கே குளிர் கூட, என்ன செய்கிறதென்று பார்ப்போம்.

என்னிடம் இப்போது வேர்விட்டபடி ஆறு சட்டி இருக்கிறது. வருடப்பிறப்பு விழாவுக்கு மண்டபத்துக்குக் கொண்டுவருவேன், விரும்பினவர்கள் எடுக்கலாம், காசு வேண்டாம். தை மாதத்தில் கத்தரி எடுக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிப்போட்டு எடுங்கோ. முதல் மூன்று வருடத்துக்குப் பூக்கவில்லை என்று எனக்கு ரெலிபோன் எடுக்கவும் வேண்டாம்.